ஆரணி ரோஜாவும் இரவு வண்டும்: எந்த எதிர்ப்பைத் தேடுவது?

கோடையின் முதல் நல்ல மழை பெய்த ஓரிரு இரவில் ரோஜாத் தளிர் ஓட்டை ஓட்டையாகிவிடுவதுண்டு. வண்டு தொடாத ரகம் எது என்ற கேள்வி உடனே எழும். ஆரணியை வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வியையே கொஞ்சம் திருத்திக் கேட்க வேண்டியிருக்கிறது.

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இந்தப் பட்டு நெசவு ஊரைச் சுற்றி மல்லாட்டை (நிலக்கடலை) விளையும் நிலம் உண்டு. மல்லாட்டை வேரைத் தின்னும் வெள்ளைப்புழுக்களில் முக்கியமானது ஹோலோட்ரைக்கியா இன வண்டின் இளம்பருவம். மண்ணுக்குள் முழு வளர்ச்சி அடைந்த வண்டு மழை ஈரத்துக்குக் காத்திருந்து, அந்தி மங்கியதும் மேலே வரும். வேம்பு, இலந்தை, முருங்கை என்று இரவெல்லாம் இலை தின்று, இணைசேர்ந்து, விடியுமுன் மண்ணுக்குள் போய்விடும். பக்கத்தில் ரோஜா இருந்தால் அதையும் விடாது. அடோரெட்டஸ் இனமும் ரோஜா இலையை இரவில்தான் மேய்கிறது. பகலில் செடியைப் புரட்டிப் பார்ப்பவர் கண்ணில் இரண்டும் படுவது அரிது.

அதனால் பழி இடம் மாறிவிடுகிறது. இலை விளிம்பில் பிளேடால் நறுக்கியதுபோல அரைவட்டம் தெரிந்தால், அது கூடு கட்ட இலை எடுத்துப்போன இலைவெட்டித் தேனீயின் வேலை. விளிம்பு பல்பல்லாய்க் கடிபட்டிருந்தால் சாம்பல் நிறக் கூன்வண்டைச் சந்தேகிக்கலாம். இலையின் நடுவில், நரம்பை விட்டு ஒழுங்கில்லாமல் விழுந்த ஓட்டைதான் இரவு வண்டுக்கு உரியது. இதைப் பிரிக்காமல் ஒரு ரகத்துக்குச் சான்றிதழ் தருவதில் பொருளில்லை.

அமெரிக்கப் பூச்சியியலாளர் ரெஜினால்ட் பெயின்டர் 1951இல் பயிரின் எதிர்ப்பை மூன்றாகப் பிரித்தார்: பூச்சி விரும்பாமை, தின்ற பூச்சி நலிதல், கடிபட்டும் செடி தாங்குதல். இரண்டாவது இங்கே அதிகம் உதவாது. புழு வளர்வது மல்லாட்டை வேரில். ரோஜா இலை எவ்வளவு கசந்தாலும் அடுத்த தலைமுறை கொல்லையில் உருவாகிவிடும்.

விரும்பாமை குறித்து விரிவாக ஆராயப்பட்டது ஜப்பான் வண்டு. 1916இல் நியூஜெர்சியில் கண்டறியப்பட்ட அதைப் பிடிக்கும் பொறிகளில் ஜெரானியாலும் யூஜெனாலும் வைக்கிறார்கள். இரண்டுமே ரோஜா மணத்திலும் உள்ளவை. மஞ்சள், வெள்ளைப் பூக்கள் அவ்வண்டை அதிகம் இழுப்பதாக பூச்சியியலாளர்கள் டேவிட் ஹெல்ட், டேனியல் பாட்டர் இருவரும் 2004இல் எழுதினர். அதை நம்பி ஆரணிக்காரரைச் சிவப்பு ரோஜா நடச் சொல்வது அவசரம். ஜப்பான் வண்டு பகலில் மேய்வது; நம்மூர் வண்டு இருட்டில் வருவது.

மிஞ்சுவது தாங்குதிறன். அங்கேதான் ரக வேறுபாடு காசாகிறது. தமிழகத்தில் பரவலான எட்வர்ட் ரோஜா, ரீயூனியன் தீவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய போர்பன் வகையைச் சேர்ந்தது. உதிரிப்பூவாக எடைபோட்டு விற்கும் அதன் இலை சந்தைக்கே போவதில்லை. செடி மறுபடி துளிர்த்துப் பூத்தால் போதும். ஓசூர்ப் பசுமைக்குடிலின் கொய்மலரோ இலையும் காம்புமாகப் பெட்டியில் ஏறுகிறது. மேலிலையில் இரண்டு ஓட்டை தெரிந்தாலே தரம் இறங்கும். அளவில் ஒரே கடி. ஒருவருக்கு அது பொருட்டே இல்லை, இன்னொருவருக்கு நட்டம்.

கவாத்துக் காலத்தையும் ரகத்தின் கணக்கில் ஏற்றிவிடக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கவாத்து செய்த செடியில் முதலில் விட்ட தளிர், கோடை மழைக்குள் முற்றிவிடும். கோடையில் வெட்டித் தண்ணீர் பாய்ச்சினால் வண்டு வரும் வேளைக்கு இளந்தளிர் தயாராக நிற்கும். எனவே ஆரணியில் ஒப்பீடு செய்பவர் எட்வர்ட், ஆந்திரச் சிவப்பு, ஹைப்ரிட் டீ ஆகிய ரோஜாக்களைக் கலந்து நட்டு, ஒரே நாளில் கவாத்து செய்ய வேண்டும். வேப்பமரமும் தெருவிளக்கும் எல்லாப் பாத்திக்கும் சம தூரத்தில் இருக்க வேண்டும். மழைக்குப் பிந்திய இரவுகளில் டார்ச்சோடு வண்டை எண்ணி, இழந்த இலைப்பரப்பையும் அடுத்த சில வாரங்களில் பறித்த பூவின் எடையையும் சேர்த்துக் குறித்தால், வண்டு ஒதுக்கிய ரகம் எது, கடிபட்டும் பூத்த ரகம் எது என்று தனித்தனியே தெரியும்.