பாக் விரிகுடாவின் மீன்பிடி விதிகள் – ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

அறந்தாங்கி கடற்கரை ஊர் அல்ல. ஆனால் அங்கிருந்து தென்கிழக்கே முப்பது கிலோமீட்டர் அளவில் போனால் கடல் வந்துவிடும். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று வரிசையாகக் கடலோர ஊர்கள் இருக்கின்றன. பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது, தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த அறந்தாங்கிப் பகுதி இதனுடன் சேர்க்கப்பட்டது. அதனால்தான் இந்த மாவட்டத்துக்குக் கடல் கிடைத்தது.

அதே 1974ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்தக் கடலின் நடுவே ஒரு கோடு போடப்பட்டது. மாவட்டத்துக்குக் கடல் கிடைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் கோடு எப்படி வந்தது, அதற்கு முன்னும் பின்னும் இந்தக் கடலில் மீன்பிடிக்க என்னென்ன விதிகள் இருந்தன, அவை ஏன் சண்டையை நிறுத்தவில்லை என்பதை இக்கட்டுரையில் காணலாம்.

ஏரி போன்ற கடல்

பாக் விரிகுடா என்ற பெயர் 1763 முதல் 1767 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயரால் வந்தது. மேற்கே தமிழ்நாடு, கிழக்கே இலங்கையின் வட மாகாணம், தெற்கே ராமேஸ்வரமும் ஆதாம் பாலம் என்ற மணல் திட்டுகளும், வடக்கே கோடியக்கரைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஒரு வாசல். இப்படி ஏறக்குறைய நாலு பக்கமும் அடைபட்டுக் கிடப்பதால் இதைக் கடல் என்பதைவிடப் பெரிய உப்பு ஏரி என்றே சொல்லலாம். ஆழமும் குறைவு. பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் இருக்காது.

ஆழம் குறைந்த கடலில் சூரிய வெளிச்சம் அடிவரை போகும். கடற்புல் வளரும். இறால், நண்டு, கணவாய், சங்கு, கடல் அட்டை எல்லாம் பெருகும். ஆனால் இதே காரணத்தால் அடிமட்டத்தைச் சுரண்டி இழுக்கும் மடிவலை ஒன்று ஓடினாலும் பாதிப்பு அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சண்டைகள் புரியும்.

சங்கு வழக்கும் 1921ஆம் ஆண்டுக் கோடும்

ஆங்கிலேயர் காலத்தில் இந்தக் கடலில் பெரிய வருமானம் மீன் அல்ல, சங்கும் முத்தும்தான். ராமநாதபுரம் அரசர் தம் கடலோரச் சங்குப் படுகைகளைக் குத்தகைக்கு விட்டு வந்தார். அப்படிக் குத்தகைக்கு விட்ட படுகையில் வேறு சிலர் சங்கு எடுத்துவிட்டார்கள் என்று ஒரு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கரையிலிருந்து பல மைல் தள்ளி இருக்கும் கடலில் எடுத்தால் அது திருட்டு ஆகுமா என்பதுதான் கேள்வி. பாக் விரிகுடா திறந்த கடல் அல்ல, அது நாட்டின் பகுதியே, எனவே அது திருட்டுதான் என்று நீதிமன்றம் சொன்னது. 1904ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் வந்த இந்தத் தீர்ப்பு சர்வதேசக் கடல் சட்டப் புத்தகங்களிலும் பேசப்படுகிறது. இந்த நீரை 'வரலாற்று நீர்' என்று பிற்காலத்தில் அழைத்ததற்கு இதுவும் ஓர் அடிப்படை.

அப்போது இரு கரையும் ஒரே பேரரசின் கீழ் இருந்தாலும் சென்னையும் இலங்கையும் தனித்தனி அரசாங்கங்கள். எந்தச் சங்கு யாருடையது என்ற பிரச்சினை வந்தது. 1921 அக்டோபரில் இரு தரப்புப் பிரதிநிதிகளும் கொழும்பில் கூடிப் பேசினார்கள். கச்சத்தீவுக்கு மூன்று மைல் மேற்கே ஒரு கோடு போடலாம் என்று பேச்சு முடிந்தது. தீவு யாருக்குச் சொந்தம் என்பதை இந்தக் கோடு பாதிக்காது, இது மீன்பிடிக்காக மட்டும் என்று சென்னைத் தரப்பு சொன்னது. லண்டனின் ஒப்புதல் கிடைக்காததால் அது சட்டமாகவில்லை. ஆனால் 1970களில் பேச்சு தொடங்கியபோது இந்தப் பழைய கோடு மேசைக்குத் திரும்ப வந்தது.

1974, 1976 ஒப்பந்தங்கள்

1974 ஜூன் 26 அன்று கொழும்பிலும் 28 அன்று புதுடெல்லியிலும் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை ஆறு புள்ளிகளை இணைத்து எல்லைக் கோடு வரையப்பட்டது. 285 ஏக்கர் கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று.

அந்த ஒப்பந்தத்தில் இரண்டு பிரிவுகள் முக்கியமானவை. ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே விசா இல்லாமல் கச்சத்தீவுக்கு வரலாம் என்கிறது. ஆறாவது பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் ஒருவர் கடலில் மற்றவர் பாரம்பரியமாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கலாம் என்கிறது. இதில் மீன்பிடி உரிமையும் அடக்கம் என்பது தமிழ்நாட்டு மீனவர்களின் வாதம். வலையை உலர்த்தவும் ஓய்வெடுக்கவும் அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போகவும்தான் அனுமதி என்பது அரசுகளின் விளக்கம்.

1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இரண்டாவது ஒப்பந்தம் போடப்பட்டது. அதே நாளில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களுக்கு இடையே கடிதப் பரிமாற்றம் நடந்தது. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் வரலாற்று நீரிலும் கடல் எல்லையிலும் மீன்பிடிக்கக் கூடாது என்று அதில் வெளிப்படையாக எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாக இரு பக்கமும் போய்வந்த தொழில் ஒரு கடிதத்தால் குற்றமாயிற்று. மீனவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இது நெருக்கடி நிலைக் காலம். தமிழ்நாட்டில் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நேரம்.

விசைப்படகு வந்த கதை

கோடு மட்டும்தான் பிரச்சினை என்றால் அது இவ்வளவு பெரிதாகியிருக்காது. அதே காலத்தில் படகும் மாறியது. 1952-ல் தொடங்கிய இந்திய–நார்வே திட்டம் கேரளத்தில் இயந்திரப் படகுகளைக் கொண்டுவந்தது. ஏற்றுமதி இறாலுக்கு நல்ல விலை கிடைத்ததால், இழுவலை போடும் விசைப்படகுகள் 1960களிலிருந்து பாக் விரிகுடாவிலும் பெருகின. அரசே மானியம் கொடுத்து ஊக்குவித்தது.

முதல் சண்டை இலங்கையோடு நடக்கவில்லை. உள்ளூரிலேயே நடந்தது. விசைப்படகுகள் நாட்டுப்படகுக்காரர்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போயின. மோதல்களுக்குப் பிறகு ஒரு ஏற்பாடு வந்தது. வாரத்தில் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள் விசைப்படகு, மற்ற நான்கு நாள் நாட்டுப்படகு. கடலைக் கோடு போட்டுப் பிரிக்காமல் கிழமை போட்டுப் பிரித்தார்கள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் இந்த முறையில்தான் கடலுக்குப் போகின்றன.

1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை நாட்டுப்படகுக்கு ஒதுக்கப்பட்டது. 2001 முதல் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 தொடங்கி 45 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. 2017 முதல் அது 61 நாளாக, ஜூன் 14 வரை நீட்டிக்கப்பட்டது. ஆக, விசைப்படகு மூன்று மைலுக்குள் வரக்கூடாது, எல்லைக் கோட்டையும் தாண்டக்கூடாது. இடையில் இருக்கும் கடலோ பல ஆண்டு இழுத்து மீன் குறைந்த கடல். ராமேஸ்வரத்துக்கு எதிரே அந்த இடைவெளி இன்னும் குறுகியது. படகுகள் கோட்டைத் தாண்டுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அக்கரையின் நிலை

1983-ல் இலங்கையில் போர் தொடங்கியபின் வடக்கில் கடலுக்குப் போக அந்நாட்டு அரசு கடும் கட்டுப்பாடு விதித்தது. யாழ்ப்பாணம், மன்னார் தமிழ் மீனவர்கள் கரையில் முடங்கினார்கள். ஆளில்லாத அந்தக் கடலில் தமிழ்நாட்டு விசைப்படகுகள் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே தொழில் செய்தன. பலர் உயிரிழந்தார்கள்.

2009-ல் போர் முடிந்ததும் அக்கரை மீனவர்கள் சிறிய படகும் செவுள் வலையுமாகத் திரும்பி வந்தார்கள். இரவில் போட்ட வலை காலையில் அறுந்து கிடந்தது. அவர்களும் தமிழர்கள்தான். பலருக்கு இந்தப் பக்கம் சொந்தபந்தமும் உண்டு. போர்க்காலத்தில் அகதியாக வந்தவர்களுக்கு இடம் கொடுத்த கரையிலிருந்துதான் இந்தப் படகுகளும் வந்தன. அவர்களுடைய கோபத்தில் வருத்தமும் கலந்திருப்பது இதனால்தான்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. விசைப்படகு வரும் திங்கள், புதன், சனி இரவுகளில் வடக்கு மீனவர்கள் பலர் கடலில் வலை போடுவதைத் தவிர்க்கிறார்கள். தமிழ்நாட்டின் தடைக்காலம்தான் அவர்களுக்கு நிம்மதியான காலம். அதாவது தமிழ்நாட்டில் இரண்டு பிரிவினருக்கு இடையே செய்த ஏற்பாடு, அதில் எந்தப் பேச்சும் இல்லாத அக்கரை மீனவரின் கிழமையையும் தீர்மானிக்கிறது.

பேச்சுகளும் சட்டங்களும்

இரு கரை மீனவர்களும் நேரில் பேசாமல் இல்லை. 2004-ல் தமிழ்நாட்டு மீனவர் குழு இலங்கை சென்றது; 2010-ல் இலங்கை மீனவர் குழு தமிழ்நாடு வந்தது. 2010 பேச்சில், இழுவை முறையைப் படிப்படியாகக் கைவிடுவது, அதுவரை ஆண்டுக்குக் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் அனுமதிப்பது என்ற யோசனை உருவானது. கிழமை போட்டுப் பிரித்த அதே வழிதான் இது. அரசுகள் அதை ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. 2014-ல் சென்னையிலும் கொழும்பிலும், 2016 நவம்பரில் டெல்லியிலும் பேச்சு நடந்தது. இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழு அமைந்தது.

2017-ல் இலங்கை இழுவலையைத் தன் கடலில் முழுவதும் தடை செய்தது. நாடாளுமன்றத்தில் அதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத் தமிழ் உறுப்பினர் எம்.ஏ.சுமந்திரன். 2018-ல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதம் பல கோடி இலங்கை ரூபாயாக உயர்த்தப்பட்டது. இந்தியா 2017 ஜூலையில், விசைப்படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகு வாங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு படகு 80 லட்சம் ரூபாய், மூன்று ஆண்டில் 2000 படகுகள் என்பது இலக்கு. அதில் சிறு பகுதிதான் நிறைவேறியது. ஒரு நாள், இரண்டு நாளில் கரை திரும்பிப் பழகியவர்களுக்கு வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் தொழில் புதிது. கடன் சுமையும் அதிகம்.

இதற்கிடையே உயிர்கள் போய்க்கொண்டிருந்தன. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு படகு இலங்கைக் கடற்படைக் கலத்துடன் மோதி மூழ்கியதில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த இலங்கை அகதி. அதே ஆண்டு அக்டோபரில் அதே ஊர்ப் படகுக்கு மீண்டும் அப்படி ஒரு மோதல் நேர்ந்து இன்னொருவர் இறந்தார். 2022 ஜனவரியில் வடமராட்சி மீனவர் இருவர் கடலில் இறந்தபோது, இந்திய இழுவைப்படகே காரணம் என்று சொல்லி அக்கரையில் போராட்டம் நடந்தது.

மற்ற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவும் கனடாவும் பங்கிட்டுக்கொள்ளும் பேரேரிகளில் கடல் லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி மீன் புகுந்து மீன்வளத்தை அழித்தது. எல்லைக் கோடு லாம்ப்ரேயைத் தடுக்காது அல்லவா? இரு நாடும் 1954-ல் ஒப்பந்தம் போட்டுப் பேரேரிகள் மீன்வள ஆணையத்தை அமைத்தன. மீன்பிடி உரிமம் தரும் அதிகாரம் அந்தந்த மாநிலத்திடமும் மாகாணத்திடமுமே இருந்தது. ஆய்வும் ஒட்டுண்ணி ஒழிப்பும் பொதுவாயின. ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரிக்காக கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் 1994-ல் இதுபோன்ற ஓர் அமைப்பை உருவாக்கின. பிரச்சினைகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஏரியை ஒரே நீராகப் பார்க்க ஒரு பொது இடமாவது இருக்கிறது. பாக் விரிகுடாவுக்கு அப்படி நிரந்தர ஆணையம் கிடையாது.

முடிவுரை

கச்சத்தீவை மீட்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலிலும் தீர்மானம் நிறைவேற்றியது. 1974-ல் மாநிலத்தையும் மீனவரையும் கேட்காமல் முடிவெடுத்தது தவறு என்பதில் பெரும்பாலோருக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் படகுகள் பிடிபடுவது பெரும்பாலும் கச்சத்தீவைத் தாண்டி நெடுந்தீவு, மன்னார்ப் பக்கம். தீவு திரும்பக் கிடைத்தாலும் அந்தக் கடலில் இழுவலை போடலாமா என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

நூறு ஆண்டுக்கும் மேலான இந்த வரலாற்றில் 1921, 1974, 1976 என்று திரும்பத் திரும்பப் பேசப்பட்டது கோட்டைப் பற்றியே. எந்த வலை, எந்த நாள், எந்தப் பருவம் என்பதை இரு கரையும் சேர்ந்து எழுதி, இரு அரசுகளும் ஏற்ற விதி ஒன்றுகூட இல்லை. விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரு காலத்தில் வெட்டுக்குத்து வரை போய், கடைசியில் வாரத்தைப் பங்கு பிரித்துக்கொண்டன. கோட்டைப்பட்டினத்தில் முடிந்த அந்த ஏற்பாட்டை இரு கரைக்கும் பொதுவாக விரிவுபடுத்தி, இழுவலையைக் கைவிடுபவர்களுக்கு உரிய நஷ்டஈடும் கொடுத்தால் இரு கரைத் தமிழரும் பிழைக்க வழி உண்டு. அதற்கு முதலில் மீனவர்கள் பேசி எடுக்கும் முடிவுக்கு அரசுகள் கையெழுத்துப் போட வேண்டும்.