என்றார் பிறரும்: வெண்மணியும் பள்ளிக்கூட நோட்டும்

நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டார வரலாற்றுக் கட்டுரைப் போட்டிக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். வெண்மணி என்ற தலைப்பை அவர்களே தேர்ந்துகொண்டது. 'ஆதாரத்தை எங்கே தேடுவது, எப்படிக் குறிப்பிடுவது என்று வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க' என்று தமிழாசிரியரான நண்பர் கூப்பிட்டதால் போனேன். மூன்று நோட்டுகளைப் புரட்டினேன். இறந்தவர்கள் ஒன்றில் 42, ஒன்றில் 43, ஒன்றில் 44. மூன்றிலும் 'ஆதாரம்' என்ற இடத்தில் ஒரே சொல்தான்: இணையம்.

'ரெண்டு பேருதானே சார் வித்தியாசம்' என்றான் ஒரு பையன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், 'அந்த ரெண்டு பேரு உங்க வீட்டு ஆளா இருந்தா?' என்று கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் நான் சொல்ல அதிகமில்லை.

பிள்ளைகளைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. எம்.ஏ. தமிழ் முடித்த புதிதில் ஒரு சிற்றிதழில் வெண்மணி பற்றி எழுதினேன். 1973 தீர்ப்பில் இப்படி ஒரு வாசகம் வருகிறது என்று ஆவேசமாக எடுத்துப் போட்டேன். எடுத்தது தீர்ப்பிலிருந்து அல்ல, இன்னொரு கட்டுரையிலிருந்து. அவர் எங்கிருந்து எடுத்தார் என்று அவரும் சொல்லியிருக்கவில்லை. விவசாயச் சங்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் படித்துவிட்டு, 'நல்லா இருக்கு தம்பி, இது எந்தப் பக்கத்துல இருக்கு?' என்றார். முழித்தேன். 'நம்ம எதிராளி இதைத்தானே முதல்ல கேப்பான்' என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பழக்கம் நமக்கு இன்று வந்ததல்ல. தமிழ் உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டுவதில் சளைத்தவர்களே அல்லர். ஆனால் நச்சினார்க்கினியர் பல இடங்களில் ஒரு பாட்டடியைக் கொடுத்து 'என்றார் பிறரும்' என்று முடித்துவிடுவார். அந்தப் பிறர் யார், எந்த நூல் என்பது இருக்காது. அவர் காலத்து மாணவனுக்கு அது தேவைப்பட்டிருக்காது, பாடம் கேட்டவனுக்கு நூல் மனப்பாடமாக இருந்தது. சுவடிகள் மறைந்து, பாடம் கேட்கும் மரபும் அறுந்தபிறகு முகவரி இல்லாத அடிகள் மட்டும் மிஞ்சின. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், உரையிலிருந்த மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தெரியாமல் அல்லாடியதைத் தன் வரலாற்றில் சொல்கிறார். சங்க நூல்களின் ஏடுகள் கைக்கு வந்த பிறகுதான் பலவற்றுக்கு இருப்பிடம் தெரிந்தது.

மறுபக்கமும் உண்டு. வளையாபதி முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்ற தொகைநூலிலும் உரைகளிலும் சிக்கிய பாடல்கள்தான் இருக்கின்றன. தகடூர் யாத்திரையின் கதையும் ஏறக்குறைய அதுவே. மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு நூலே எழுதினார், பெரும்பாலும் பிறர் காட்டிய மேற்கோள்களை வைத்துக்கொண்டு. யாரோ ஒருவர் நூற்பெயரையும் சேர்த்து எழுதிவைத்ததால் ஒரு நூல் இருந்ததாவது தெரிகிறது. அடிக்குறிப்பு என்பது பேராசிரியர்களின் சடங்கு என்று நம்முடைய தோழர்களே கேலி பேசும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

இதைச் சுருக்கமாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நோட்டுக்குத் திரும்பினோம். இணையம் ஒரு தெரு, வீட்டு எண் வேண்டும் என்றேன். எந்தத் தளம், எழுதியவர் யார், எந்தத் தேதியில் பார்த்தாய் என்பதை எழுத வேண்டும். விக்கிப்பீடியாவைப் படிக்கலாம், தப்பில்லை. ஆனால் அதன் அடியில் இருக்கும் குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் போக வேண்டும். மூலத்தைப் பார்க்க முடியாவிட்டால் 'இன்னார் கட்டுரையில் மேற்கோளாகக் கண்டது' என்று ஒளிக்காமல் எழுத வேண்டும். பழைய நூல்களுக்குக் கன்னிமாரா, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், பழைய இதழ்களுக்கு ரோஜா முத்தையா நூலகம். மாவட்ட மைய நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது, யாரும் உள்ளே போனதில்லை என்பது வேறு விஷயம்.

போட்டிக்காரர்கள் கொடுத்திருந்த படிவம்தான் பெரிய கூத்து. குடும்பப் பெயர் முதலில், காற்புள்ளி, பிறகு சொந்தப் பெயர். குடும்பப் பெயர் இல்லாத ஊரில் பிள்ளைகள் தகப்பன் பெயரை முன்னால் தூக்கிப் போட்டிருந்தார்கள். 'குருதிப்புன'லைக் குறிப்பிட்ட ஒருவன் 'பார்த்தசாரதி, இந்திரா' என்று எழுதி, கட்டுரைக்குள் 'அவள் கூறுகிறாள்' என்றும் சேர்த்திருந்தான். இந்திரா அவர் மனைவி பெயர் என்று சொன்னதும் வகுப்பே சிரித்தது. மயிலை என்பது மயிலாப்பூர், அதை எந்தப் பக்கம் போடுவது? நூலில் உள்ளபடியே பெயரை எழுதச் சொன்னேன். நாவலை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. 1975இல் வந்த 'குருதிப்புனல்' வெண்மணியை வைத்து எழுதப்பட்டது, வெண்மணிக்குச் சாட்சி அல்ல. ஒரு நாவலாசிரியர் அந்த நிகழ்வை எப்படிப் பார்த்தார் என்பதற்கு மட்டுமே அது ஆதாரம்.

அப்படியானால் தீர்ப்புதான் உண்மையா என்று கேட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற மிராசுதார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. நிலமும் காரும் உள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்துவந்து குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருளில் நீதிபதிகள் எழுதினார்கள். அரசு முத்திரை விழுந்த ஆவணமும் ஒரு பிரதிதான். அதற்குள் பேசுகிற வர்க்கம் எது, சாதி எது என்று வாசிக்கத் தெரிய வேண்டும். வாசிக்கிறவன் அதன் ஆண்டையும் பக்கத்தையும் சரியாகக் காட்டத்தான் வேண்டும். காட்டாவிட்டால் இப்படியொரு வாசகத்தை ஒரு நீதிமன்றம் எழுதியது என்பதையே நாளைக்குக் கட்டுக்கதை என்பார்கள்.

எண்ணிக்கைக்கு வருவோம். 42 என்பது அன்றைய நாளிதழ்களை ஒட்டி எழுதுகிறவர்களிடம் வருகிறது. வெண்மணி நினைவிடத்தில் இருப்பவை 44 பெயர்கள். முன்னது தொகை, பின்னது பட்டியல் என்பதை நாம் கவனிக்கத் தவறுகிறோம்.

பின் பெஞ்சுப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: 'எங்க அப்பாயி அப்ப நடவு ஆளு சார். அது சொல்றதை எழுதலாமா?' எழுதலாம் என்றேன். யார் சொன்னது, எந்த ஊர், எந்தத் தேதி, கேட்டது யார், தான் கண்டதா காதில் விழுந்ததா, எல்லாம் வேண்டும். மறுநாள் வந்து, 'பேரைப் போடாதேங்குது சார்' என்றாள். ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பயம் போகவில்லை. பெயர் வெளியிட விரும்பாத விவசாயக் கூலிப் பெண், கேட்டவர் பேத்தி, தேதி என்று குறிப்பு எழுதினோம். பிறர் பெயரைச் சொல்லாமல் விட்ட நச்சினார்க்கினியரை அன்றைக்கு என்னால் அவ்வளவாகத் திட்ட முடியவில்லை.

படிவம் இதை ஏற்கவில்லை. மதிப்பீட்டாளர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து 'நூற்பெயர் தருக' என்று எழுதியிருந்தார்.

போட்டி முடிந்துவிட்டது. இரண்டு பிள்ளைகள் மட்டும் விடவில்லை. நினைவிடத்துக்குப் போய் 44 பெயர்களையும் நோட்டில் வரிசையாக எழுதிவந்தார்கள். எதிரே மூன்று கட்டம்: வயது, உறவு, இந்தப் பெயர் வேறு எந்த ஆவணத்தில், எந்தப் பக்கத்தில். போன வாரம் நோட்டைக் காட்டினார்கள். முதல் கட்டம் பாதி நிரம்பியிருக்கிறது. கடைசிக் கட்டத்தில் அனேகமாக ஒன்றுமில்லை.