ஏற்றுவாளியின் விளிம்பு: நிரவலும் தேய்மானமும் குறித்த ஒரு வரலாற்று ஆய்வு

மண்ணை வாரி எடுப்பதும், வாரிய இடத்தை மட்டமாக நிரவுவதும் ஒரே வாளியால் நடைபெற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இன்று சர்வசாதாரணமாகிவிட்டபடியால், அவ்விரண்டும் இயல்பிலேயே ஒன்றுக்கொன்று பகையான தொழில்கள் என்பது நம் கவனத்திற்கு வருவதில்லை. வாருவதற்குக் கூரிய பற்கள் வேண்டும். அப்பற்கள் போன வழியெல்லாம் சால் சாலாகக் கோடு விழும். நிரவுவதற்கோ நேரான விளிம்பு வேண்டும். அது இறுகிய தரையில் இறங்க மறுக்கும். இப்பகையைத் தீர்க்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் சரித்திரத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தால், நிரவும் திறனைப் பெருக்குவதும் தேய்மானத்தைத் தடுப்பதும் வெவ்வேறு பிரச்சினைகளல்ல, ஒரே பிரச்சினைதான் என்பது புலப்படும்.

இதன் பூர்வீகத்தைத் தேடினால் நாம் இயந்திரத்திடம் அல்ல, குதிரையிடம் போய்ச் சேருகிறோம். ஸ்காட்லாந்தில் பிறந்து, கலிபோர்னியா மாநிலத்து ஃபிரெஸ்னோ நகரில் குடியேறிய ஜேம்ஸ் போர்டியஸ் 1883-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற சுரண்டுவாளி, வளைந்த அடித்தகடும், அதன் வாயில் குறுக்கே நேராகப் பொருத்திய எஃகு அலகும் கொண்டது. குதிரைகள் முன்னே இழுத்துச் செல்ல, பின்னால் நடந்துவரும் ஆள் நீண்ட கைப்பிடியை உயர்த்தினால் அலகு மண்ணைக் கடிக்கும். தாழ்த்தினால் வாரிய மண்ணைச் சுமந்துகொண்டு வாளி தரைமேல் வழுக்கிச் செல்லும். கொட்டும் இடத்தில் அதே கைப்பிடியை நிதானமாக விட்டுக்கொடுத்தால் மண் ஒரே குவியலாக விழாமல் படலமாகப் பரவும். அலகின் கோணம் ஓட்டுபவன் வசத்தில் இருந்தால் நிரவல் கைகூடும் என்ற தத்துவம் இங்கேயே பூரணமாக அமைந்துவிட்டது. பனாமாக் கால்வாய் வேலையிலும் இவ்வாளிகள் உழைத்தன.

விந்தை என்னவெனில், குதிரை போய் டிராக்டர் வந்தபோது இந்தத் தத்துவம் சிறிது காலம் மறைந்துபோயிற்று. தொடக்ககால டிராக்டர் வாளிகளில் பல, கொண்டியைத் தட்டினால் தம் பாரத்தாலேயே கவிழ்ந்து கொட்டுபவை. நிறைந்திருத்தல், கவிழ்தல் என்ற இரண்டு நிலைகளே அவற்றிற்கு உண்டு. இடைப்பட்ட கோணத்தில் அவற்றை நிறுத்திவைக்க வழியில்லை. ஃபிராங்க் ஹஃப் என்பவரின் அமெரிக்க நிறுவனம் 1939-இல் சக்கர ஏற்றி ஒன்றையும், 1947-இல் நான்கு சக்கரங்களும் இயங்கும் ஹைட்ராலிக் ஏற்றி ஒன்றையும் வெளியிட்டது. எண்ணெயின் அழுத்தத்தால் வாளியை வேண்டிய கோணத்தில் நிறுத்தும் முறை பரவிய பின்னரே, போர்டியஸின் கைப்பிடி செய்த வேலையை ஏற்றிகள் திரும்பவும் செய்யத் தொடங்கின. நம் ஊர்களில் தோண்டும் இயந்திரம் எல்லாவற்றிற்கும் பெயராகிவிட்ட ஜே.சி.பி., ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1945-இல் இங்கிலாந்தில் நிறுவிய தொழிலகமே. அதன் இயந்திரத்தின் முன்வாளியைக் கொண்டு மனைகளை நிரவுவதை இன்று எங்கும் காணலாம்.

கோணம் வசப்பட்டதும் அடுத்த இடையூறு தலைகாட்டியது. நிரவும்போது வாளி முன்னே செல்வதோடு நிற்பதில்லை; தரையில் அழுத்திப் பின்னாலும் இழுக்கப்படுகிறது. ஆகவே விளிம்பு மட்டுமன்றி, அடித்தகட்டின் பின்குதியும் தேய்கிறது. விளிம்பிலும் நடுப்பகுதியைவிட இரு மூலைகளே பெரும்பாலும் முந்திக் கரைகின்றன. மூலை கரைந்த வாளி நடுவில் ஆழமாகவும் ஓரங்களில் மேலோட்டமாகவும் சீவுமாதலால், ஓட்டுநர் எத்துணைச் சமர்த்தராயினும் தரை மட்டமாவதில்லை. நேர்மை இழந்த விளிம்பு எவ்வளவு கடினமானதாக இருந்தென்ன?

உலோகவியலார் அளித்த பரிகாரங்களை இந்தக் கண்ணோட்டத்திலேயே மதிப்பிட வேண்டும். ஷெஃபீல்டு நகரத்து ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882-இல் கண்டறிந்த மாங்கனீஸ் எஃகு, ஏறத்தாழ 12 சதவீத மாங்கனீஸ் கொண்டது. அடிபட அடிபட மேற்பரப்பு இறுகி, பிரினெல் அளவில் 200 போலத் தொடங்கும் கடினம் 500-ஐயும் எட்டும். பாறையில் மோதும் பற்களுக்கு இதனினும் உகந்தது அந்நாளில் இல்லை. ஆனால் மணலை நிரவும் விளிம்புக்கு மோதல் ஏது? அங்கே உராய்வு மட்டுமே இருப்பதால், இவ்வெஃகு தன் சிறப்பு வெளிப்பட வாய்ப்பின்றி எளிதில் தேய்ந்துபோகிறது. குரோமியம் கார்பைடு நிறைந்த வெல்டிங் வரிகளை அடித்தகட்டில் இடும் முறை பின்னர் வந்தது. நுண்மணலில் வேலை செய்யும் வாளிக்கு மண் ஓட்டத்திற்குக் குறுக்காக வரியிட்டால், இடையில் தங்கும் மண்ணே தகட்டுக்குக் கவசமாகும். பெருங்கல்லுக்கு ஓட்டத்தின் திசையிலேயே இட வேண்டும். 1974-இல் சுவீடனில் அறிமுகமான ஹார்டாக்ஸ் போன்ற, நீரில் குளிர்வித்துப் பதப்படுத்திய தகடுகள் 400 பிரினெல் கடினத்தை முன்கூட்டியே கொண்டு வந்தன. ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ந்தால் அப்பதம் குலையத் தொடங்குமாதலால், கண்டபடி சூடேற்றும் பட்டறைகளில் விலை கொடுத்து வாங்கிய கடினம் வீணாகிறது.

என் மதிப்பீட்டில், இவையனைத்தினும் பெரிய அபிவிருத்தி போல்ட்டினால் பிணைக்கும் விளிம்புத் தகடே. மர ஏரைக் காப்பாற்றக் கொழுவை மட்டும் தேயவிட்டு மாற்றிக்கொண்ட நம் உழவரின் யுக்தியே இது: தேய்மானத்தைத் தாங்கும் பாகத்தைத் தனியே பிரித்துவிடுதல். ஒருபுறம் தேய்ந்ததும் தகட்டைக் கழற்றித் திருப்பிப் பூட்டினால், மறுபுறத்து நேர்விளிம்பு வேலைக்கு வந்துவிடுகிறது. வாளியின் உடலுக்குச் சேதமில்லை. பற்களுக்கு இடையே துண்டுத் தகடுகளைப் பூட்டும் வழக்கமும், வேண்டாதபோது பல்வரிசையையே கழற்றிவைக்கும் ஏற்பாடும் இதன் கிளைகள். 1950-களில் மில்வாக்கியின் டிராட் நிறுவனம் பரப்பிய, இரு பாதிகளாகத் திறக்கும் நால்வகைப் பயன் வாளி இன்னும் நுட்பமானது. எனினும் மூட்டுகளும் எண்ணெய்க் குழாய்களும் பெருகியதால் பாரமும் பராமரிப்புச் சிரமமும் கூடின.

பழைய வாளியைத் திருத்த முற்படுவோர் கடினமான எஃகைத் தேடி அலைவதற்கு முன்பு, வாளியைக் கவிழ்த்து வைத்து, விளிம்பின் மீது நூல் பிடித்து வளைவைப் பார்க்கட்டும். அடித்தகட்டின் பின்குதியை அளக்கட்டும். குதி மெலிந்திருந்தால் முதலில் அங்கே தேய்மானப் பட்டைகளை இட்டு, அதன் பிறகே முன்விளிம்பில் திருப்பிப் பூட்டும் தகட்டைப் பொருத்துவது முறை.