இலாபத்தின் எல்லை: மதீனாச் சந்தை முதல் இப்னு கல்தூன் வரை

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் கலைந்து சென்று இறைவனின் அருளைத் தேடச் சொல்கிறது குர்ஆனின் 62ஆம் அத்தியாயம். 83ஆம் அத்தியாயம் அளவையில் மோசடி செய்வோரையும், 102ஆம் அத்தியாயம் செல்வம் பெருக்கும் போட்டியில் மூழ்கியோரையும் எச்சரிக்கிறது. அந்த ஊக்கத்துக்கும் இந்த எச்சரிக்கைகளுக்கும் இடையே முனைப்பு எங்கே பேராசையாகிறது? இலாபம் எவ்வளவு என்பதைவிட, அது எதிலிருந்து வந்தது என்பதையே முஸ்லிம் அறிஞர்கள் அளவுகோலாகக் கொண்டனர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மக்காவிலிருந்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபுக்கு (ரலி), தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார் மதீனாவாசியான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி). அப்துர் ரஹ்மானோ அதை ஏற்காமல் சந்தைக்கு வழி கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்கத் தொடங்கியவர் பின்னாளில் பெருஞ்செல்வரானார். சொர்க்க நற்செய்தி பெற்ற பத்துத் தோழர்களில் ஒருவராகவும் அவர் போற்றப்படுகிறார். அதே மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் கேட்டும் நபிகள் நாயகம் (ஸல்) மறுத்துவிட்டார்கள். ஆனால் பதுக்கலைப் பாவம் என்றார்கள். விலை தானாக ஏறுவது வேறு, ஏற்றுவதற்காகச் சரக்கை முடக்குவது வேறு என்ற பாகுபாட்டின் வித்து இங்கே இருக்கிறது.

அடுத்த நூற்றாண்டுகளில் துறவு நாட்டம் வலுத்தது. அதற்கு மாறாக, உழைத்து ஈட்டுவது கடமை என வாதிடும் ‘கிதாபுல் கஸ்பு’ இமாம் ஷைபானீயின் (மறைவு 805) பெயரில் வழங்குகிறது.

வணிகரின் மனத்துக்குள் இந்தக் கேள்வியைக் கொண்டுசென்றவர் இமாம் கஸ்ஸாலி (1058–1111). ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் அவர் எடுத்துரைக்கும் இரு நிகழ்ச்சிகள் முக்கியமானவை. வாஸித் நகர வணிகர் ஒருவர் பஸராவுக்குக் கோதுமை அனுப்பி, சேர்ந்த அன்றே விற்கும்படி முகவருக்கு எழுதினார். முகவர் ஒரு வாரம் காத்திருந்து பன்மடங்கு இலாபம் பார்த்தார். செய்தி அறிந்த உரிமையாளர், மொத்தப் பணத்தையும் பஸரா ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். இன்னொருவர் பஸராவின் துணி வணிகர் யூனுஸ் இப்னு உபைத். அவர் இல்லாத நேரத்தில், 200 திர்ஹம் ஆடையை 400க்கு நாட்டுப்புற அரபி ஒருவரிடம் விற்றுவிட்டார் அவருடைய சகோதரர் மகன். தம் ஊரில் அது 500 பெறும், தமக்குத் திருப்திதான் என்றார் வாங்கியவர். யூனுஸ் விடவில்லை, 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்தபிறகே அமைந்தார். இந்த இரண்டாம் நிகழ்ச்சியே என் பார்வையில் திருப்புமுனை. வாங்குபவரின் சம்மதம் இருந்தும், அவரது அறியாமையில் விளைந்த இலாபம் இங்கே நிராகரிக்கப்படுகிறது.

மனசாட்சி கைவிட்ட இடத்தில் அதிகாரத்தின் பொறுப்பு என்ன என்று ஆராய்ந்தார் இப்னு தைமிய்யா (1263–1328). சரக்குக் குறைந்தோ மக்கள் பெருகியோ விலை ஏறினால், வணிகரைக் கட்டாயப்படுத்துவது அநீதி என்றார். மக்கள் தேவையில் தவிக்கும்போது சரக்கைப் பிடித்து வைப்போரை, நியாய விலைக்கு விற்கும்படி கட்டாயப்படுத்தலாம் என்றும் தீர்ப்பளித்தார். மதீனாவில் விலை நிர்ணயம் மறுக்கப்பட்டதன் காரணத்தை அவர் சரியாகவே படித்திருக்கிறார்.

1377இல் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன், தானியப் பதுக்கல் இலாபம் கைநில்லாது என்ற நகர மக்களின் நம்பிக்கைக்குக் காரணம் தேடினார். ஆடம்பரப் பொருளுக்கு மனிதர் விரும்பிச் செலவிடுகிறார்கள். கொடுத்ததும் அதை மறந்துவிடுகிறார்கள். உணவுக்கோ வேறு வழியின்றிக் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தைவிட்டு அவர்கள் மனம் அகல்வதில்லை; அதனாலேயே அது பதுக்கியவரிடம் நிலைப்பதில்லை என்றார்.