சட்டமும் வெற்றிலைப் பையும்

கொழும்பிலிருந்து பலாங்கொடை வழியே ஏறிவரும் பாதை பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று அப்புத்தளைக்கு ஏறும்; மற்றது கொஸ்லந்தையைக் கடந்து வெல்லவாயவுக்கு இறங்கும். இச்சந்தியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் லயங்களை மனத்திற்கொண்டு, இலங்கையின் புகையிலைச் சட்டத்தை நாம் நோக்குவோம்.

அச்சட்டத்தைக் குறைத்துக் கூற நாம் விரும்பவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை ஆசியாவிலே முதன்முதல் உறுதிப்படுத்திய நாடு, 2003 இல், இலங்கைதான். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தை ஒழித்தது. 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதைத் தடுத்தது. மூடிய பொது இடங்களிற் புகைப்பதைக் குற்றமாக்கியது. சிகரெட் பெட்டியின் 80 வீதத்தை நோயின் படங்கள் மூடவேண்டுமென்று 2012 இல் விதித்தபோது கம்பெனி நீதிமன்றம் ஏறியது. 2014 இல் அளவு 50 முதல் 60 வீதமாகக் குறைந்தது. மறுவருடமே பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 80 வீதத்தை மீட்டது. இலாபத்தின் எதிரே மக்கள் நலன் வென்ற அரிய சந்தர்ப்பங்களுள் இது ஒன்று.

ஆனால் தோட்டத்துப் புகையிலை பெட்டிக்குள் இருந்ததில்லை. அது வெற்றிலைப் பைக்குள் இருந்தது. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு இரு கைகளும் வேலையில் இருக்கும். ஓய்வாயிருப்பது வாய் ஒன்றே. மலையில் நிற்கும் நேரமெல்லாம் பசியை மறைக்கவும் குளிரைத் தாங்கவும் கன்னத்தில் ஒதுக்கிய வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் துணை. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர்களோடு வந்த வழக்கம் இது. யாழ்ப்பாணத்துப் புகையிலையோ ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குக் கப்பலேறிப் பெயர்பெற்றது. வடக்கிலே பயிரிட்டவனும் தமிழன், மலையிலே மென்றவளும் தமிழச்சி என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

புகையிலை கலந்த வெற்றிலை புற்றுநோயை விளைவிக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985 இல் தீர்ப்புரைத்தது. பாக்கு தனித்தே அந்நோயை விளைவிக்கும் என்று 2004 இல் உறுதிசெய்தது. இலங்கை ஆண்களிடையே புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கே. மெல்லும் வழக்கம் மிகுந்திருப்பதும் தோட்டங்களிலேதான். அவ்வாறிருந்தும், மெல்லும் புகையிலைப் பொருள்களின் உற்பத்தியும் இறக்குமதியும் விற்பனையும் 2016 இலேதான் தடைசெய்யப்பட்டன. முதலாவது தீர்ப்புக்கும் இத்தடைக்கும் இடையே 31 ஆண்டுகள்! பாக்கோ அந்தத் தடைக்குள் அடங்கவில்லை.

இத்தாமதத்துக்குப் புகையிலை மட்டும் காரணமன்று. நாட்டின் இலவச வைத்தியம் கிராமங்களுக்குச் சென்ற காலத்தில், தோட்டத்து மக்களின் உடல்நலம் நிர்வாகத்தின் பொறுப்பாகவே விடப்பட்டது. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1990களிலே, அதுவும் படிப்படியாக. இத்தனைக்கும் வழி தெரியாமலில்லை. சாதாரண ஆரம்பச் சுகாதார ஊழியர்கள் சிறிது பயிற்சி பெற்றால் வாயிலுள்ள வெண்படலத்தையும் புண்ணையும் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும் என்பதைச் சமன் வர்ணகுலசூரிய முதலியோர் இலங்கையிலேயே நடத்திய ஆய்வு 1984 இல் உலகுக்குக் காட்டியது.

பெரிய கருவி எதுவும் அதற்கு வேண்டியதில்லை. ஒரு டோர்ச் வெளிச்சமும் சில நிமிடங்களும் போதும். புண்ணைக் காட்டுவதற்கென்று தொழிலாளி பதுளைக்குப் பஸ் ஏறினால் அன்றைய பேர் போய்விடும். வலியில்லாத புண்ணுக்காக யார் பேரை இழப்பார்கள்?