திண்டுக்கல் சமவெளியில் இலத்தீன்

கற்குன்றின் நிழலில் விரிந்த திண்டுக்கல் சமவெளிக்கு இலத்தீன் பாஷை அந்நியமானதன்று. சங்க காலத்தில் மிளகுக்கு விலையாக ரோமாபுரியிலிருந்து வந்து, கொங்கு, பாண்டிய நாடுகளின் மண்ணில் புதைந்து கிடந்து, பிற்காலத்தில் வெளிப்பட்டு, 1851-ல் ஸ்தாபிதமான சென்னை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் இடம்பெற்ற நாணயங்களில், அகஸ்டஸ், திபேரியஸ் முதலிய சக்கரவர்த்திகளின் நாமங்கள் அம்மொழியிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. பல நூற்றாண்டுகள் கடந்து, மதுரை மிஷனுக்கு வந்த வீரமாமுனிவர் (1680–1747) திருக்குறளின் முதலிரு பால்களை அதே பாஷையில் பெயர்த்தார். 1960-களின் வழிபாட்டுச் சீர்திருத்தம் வரையில் நம்மூர்த் தேவாலயப் பூசையில் ஒலித்த இலத்தீன் சொற்களைச் செவிமடுத்துப் பழகிய பள்ளிச் சிறுவன் எவனேனும் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையின்முன் நின்றிருப்பானாகில், காசின் விளிம்பில் கண்ட எழுத்தும் கோயிலில் கேட்ட மொழியும் ஒன்றே என்று வியந்திருப்பான்.