பதக்கம் போன பிறகும் கையில் இருந்த தாள்

பூரணாங்குப்பத்திலிருந்து உப்பளம் மைதானத்துக்குப் பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கைகளிடம் வீட்டில் கேட்பார்கள்: "படிக்கப் போறியா, ஆடப் போறியா?" 2014-இல் புரோ கபடி லீக் வந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் உரத்துவிட்டது. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துப் போட்டியில் பள்ளி முடித்த கையோடு வருகிற மாணவரை 2006 முதல் சேர்ப்பதில்லை. அங்கே அது வயது, ஒப்பந்தம் பற்றிய சண்டை. நம் தெருவில் இதற்குச் சாதியின் வரலாறு இருக்கிறது தோழர்களே.

பல்வங்கர் பாலுவிடமிருந்து தொடங்கலாம். தோல் தொழில் சாதியில் பிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். புனே ஜிம்கானாவில் ஆடுகளத்தை உருட்டுவதும் ஆங்கிலேயர்களுக்குப் பந்து வீசுவதும் அவர் வேலை. மாதச் சம்பளம் 4 ரூபாய். மட்டை பிடிக்க ஒருநாளும் விடவில்லை. பிறகு இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் தேநீர் வேளையில் மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை, அவருக்கு வெளியே மண் குவளை. நம் ஊர் டீக்கடை இரட்டைக் குவளைக்கு மைதானத்திலும் ஒரு கிளை! 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆனாலும் தலைவர் பதவி அவருக்கு எட்டவில்லை. 1923-இல் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. 1937 தேர்தலில் காங்கிரஸ் பாலுவை அண்ணல் அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அவர் தோற்றார். பந்து சம்பாதித்துத் தந்த புகழை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

அடுத்தது சாந்தி சௌந்தரராஜன். இவரைத்தான் நம் மாணவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். கல்லூரியை விட்டுவிட்டு ஓடப் போனவர் அல்ல இவர். ஓடியதால்தான் உதவித்தொகை கிடைத்தது, அதனால்தான் கல்லூரிக்கே போனார். 'முதலில் கல்லூரியா, விளையாட்டா' என்ற கேள்வி இங்கே தலைகீழாகிறது.

2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி. சில நாட்களிலேயே பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்தவரை ஊரறிய அவமானப்படுத்தினார்கள். மூன்றே ஆண்டுகளில் காஸ்டர் செமென்யாவுக்கும் அதே சோதனை வந்தது. தென்னாப்பிரிக்கா தன் மகளின் பக்கம் நின்றது, 2009 தங்கம் அவரிடமே இருக்கிறது. நம் விளையாட்டு அதிகாரிகள் சாந்திக்காக வாய் திறக்கவில்லை. 2012-இல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்த செய்தி நாடெங்கும் வந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். பெங்களூரில் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் சேர்ந்து முடித்தார். 2016-இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளரானார். பதக்கத்தைத் திருப்பித் தரவில்லை. பட்டயத்தை யாராலும் திருப்பிக் கேட்க முடியவில்லை.

ஆகவே என் கருத்து: கல்லூரிக்குப் போங்கள். ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்துக்கொண்டு, கோப்பைகளைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கிவிட்டு, மூன்றாண்டு முடிவில் பையனை அரியர்களோடு வீட்டுக்கு அனுப்பும் கல்லூரிகளும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது நம் பிள்ளையின் கால்கள்தான்.

லீக் அழைப்பு வந்தால் அதையும் தள்ளிவிடாதீர்கள். படித்துக்கொண்டே ஆட வழி கேளுங்கள், தொலைதூரக் கல்வியானாலும் சரி. சேரும் நாளிலேயே கேளுங்கள்: போட்டியும் தேர்வும் ஒரே நாளில் வந்தால் மறுதேர்வு உண்டா? பயிற்சி நாட்களுக்கு வருகைப் பதிவு தருவீர்களா? விடுதி உண்டா? காயம் பட்டால் ஒதுக்கீட்டு இடம் தொடருமா? பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.